சொக்வே முகத்துக்கு நான் வைத்த மீசை

எங்கள் வீட்டில் மேலே ஏறப் பதினான்கு படிகள். கழிப்பறை மேலே, நான் பகல் முழுவதும் கீழே. ஒரு நாளைக்குக் குறைந்தது ஏழு தடவை ஏறி இறங்குகிறேன். மொத்தம் நூற்றுத் தொண்ணூற்றாறு படிகள். இந்தக் கணக்கை மகனுக்கு வாரம் ஒரு முறையாவது சொல்லி வந்தேன். கிழவனின் முழங்கால்மேல் மற்றவர்களுக்கு அக்கறை வர இரண்டு வருடமும் மூன்று மாதமும் எடுக்கும் என்பது என் அனுபவம். கடைசியில் வீட்டின் பின்புறத்தில் எனக்கென்று ஓர் அறையும், அதனோடு ஒரு கழிப்பறையும் கட்ட அவன் சம்மதித்தான். கவுன்சிலும் சம்மதித்தது. மிச்சமிருந்தது பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு கையெழுத்து. லண்டனில் பார்க்கிங் என்ற இந்தப் பகுதியில் எங்கள் தெரு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. நடுச்சுவரில் கைவைப்பதென்றால் அந்தப் பக்கத்தார் எழுத்தில் ஒப்ப வேண்டும். இல்லாவிட்டால் அளவையாளர்கள், கடிதங்கள், மாதக்கணக்கில் இழுபறி.

பக்கத்து வீட்டுக்காரர் அங்கோலா நாட்டவர். அறுபது வயதிருக்கும், பஸ் ஓட்டுகிறார். என் மகன் பாரிஸில் இருந்துவிட்டு வந்ததுபோல, அவர் லிஸ்பனில் இருந்துவிட்டு வந்தவர். தேவாலயத்தில் ஞாயிறு பூசையில் எங்களுக்கு இரண்டு வாங்கு வரிசை முன்னால் இருப்பார். நான்கு வருடமாகக் காலை வணக்கம் சொல்லியிருக்கிறோம். அதற்குமேல் அவரை அறிய நாங்கள் முயன்றதில்லை. அயலவர் தமிழராக இருந்தால் மட்டுமே எங்கள் சனம் விசாரிக்கும், அதுவும் மூன்று தலைமுறைக்கு.

இந்த நேரம் பார்த்து மருமகளுக்கு நாவூறுப் பயம் வந்தது. புது அறையின் வரைபடம் வந்த நாளிலிருந்து வீட்டில் ஆட்களின் கண் படுகிறதாம். நாங்கள் பரம்பரைக் கத்தோலிக்கர். ஞாயிறு காலை நற்கருணை வாங்குவோம், செவ்வாய் மாலை செத்தல் மிளகாய் சுற்றி எரிப்போம். இரண்டிலும் குறை வைப்பதில்லை. ஆனால் கடைகளில் விற்கும் நாவூறு முகம், கொம்பும் கோரைப்பல்லுமானது, சைவக்காரருடையது என்று அவள் வாங்கமாட்டாள். பேய்க்கும் சமயம் பார்க்கிற குடும்பம்.

ஒரு சனிக்கிழமை ஃபாரஸ்ட் கேட் பகுதியில், பழைய சாமான் விற்கும் ஒரு சரிட்டி கடையிலிருந்து மரத்தில் செதுக்கிய முகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். செம்பழுப்பு நிறம், பாதி மூடிய கண்கள், நாரில் பின்னிய தலைமயிர். கண்களுக்குக் கீழே கண்ணீர் வழிந்ததுபோல மும்மூன்று கோடுகள். சற்றே திறந்த வாயில் கூராக அராவிய பற்கள், எண்ணினேன், எட்டு. நெற்றியில் ஒரு சிலுவை.

“பாருங்கோ மாமா, சிலுவையும் கிடக்கு. எங்கட ஆக்களுக்கெண்டே செய்தது மாதிரி.”

“இது ஆரைப் பிள்ளை பயப்படுத்தப்போகுது? நித்திரை கொள்ளுற முகம்.”

“அப்ப ஒரு மீசை வைச்சுவிடுங்கோவன். உங்களுக்குத்தானே கீறத் தெரியும்.”

நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்திரண்டு வருடம் படவரைஞனாக இருந்தவனிடம் மீசை கேட்டால் மறுக்கவா முடியும்? கறுப்பு எனாமல், மெல்லிய தூரிகை, நாற்பது நிமிடம். பக்கத்துக்கு ஆறு சென்ரிமீற்றர், முனைகள் மேல்நோக்கி. கீழுதட்டில் சிவப்பாக ஒரு நாக்கு. அதை யாரும் கேட்கவில்லை, என் தாராளம். மகன் அதை வாசல் கதவுக்கு மேலே, காதுக்கு ஒன்றாக இரண்டு திருகாணி இறுக்கிப் பூட்டினான். மூவரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துத் திருப்திப்பட்டோம்.

ஐந்தாம் நாள், பக்கத்து வீட்டில் கொடுத்திருந்த சம்மதக் கடதாசி கையெழுத்து இல்லாமல் எங்கள் கதவுத் துவாரத்தால் திரும்பி வந்து விழுந்தது. மகன் போய்க் கேட்டுவிட்டு வந்தான்.

“அந்த முகம் தொங்குமட்டும் வைக்கமாட்டாராம்.”

“ஏனாம்?”

“அது அவையின்ர அம்மாவாம்.”

“அவரைப் பெத்த தாயோ?”

“இல்லையப்பா, முழுச் சனத்துக்கும். எனக்கு வடிவா விளங்கேல்லை. ஆள் நல்ல கோவத்தில நிக்குது.”

“மீசை ஆர் வைச்சதெண்டு கேட்டவரோ?”

“கேட்டவர். வாங்கேக்கையே அப்பிடித்தான் இருந்ததெண்டு சொல்லிப்போட்டன்.”

என்னைக் காப்பாற்றப் பொய் சொன்ன பிள்ளை. நல்ல வளர்ப்பு என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன்.

“கழட்டினால் திரும்பக் கண் படும்,” என்றாள் மருமகள்.

“படட்டும் பிள்ளை. எனக்கு முழங்காலில ஏற்கனவே பட்டிட்டுது.”

முகத்தைக் கழற்றி, மூன்று நாள் இருந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியைப் பூச்சுக் கரைப்பானில் தோய்த்துத் தோய்த்து அழித்தேன். அறுபத்தொரு குச்சிகள். நாக்குப் போய்விட்டது. மீசை மரத்தின் நாருக்குள் இறங்கி, சாம்பல் நிறத்தில் மிஞ்சி நின்றது. நான் கீறிய கோட்டை எவராலும் அழிக்க ஏலாது என்று திணைக்களக் கந்தோரில் சொல்லித் திரிந்தவன் நான். சொன்னது சரிதான்.

சனிக்கிழமை அவரை வீட்டுக்கு அழைத்தோம். பஸ் சீருடையோடு வந்தார். பேச்சு ஆங்கிலத்தில், அவருடையதில் போர்த்துக்கீச வாசம், என்னுடையதில் கந்தோர் வாசம். முகத்தை இரண்டு கையாலும் வாங்கி, முதல் வேலையாகக் கவிழ்த்து உட்பக்கத்தைப் பார்த்தார். விளிம்பை விரலால் ஒரு சுற்றுத் தடவினார்.

“இதைப் போட்டுக்கொண்டு யாரும் ஆடவில்லை. ஆடியிருந்தால் வியர்வை ஊறி உள்ளே கறுத்திருக்கும். விற்கச் செய்தது.”

“பாத்தீங்களே அப்பா, அசல் இல்லையாம்,” என்றான் மகன், மூச்சு விட்டபடி.

தமிழ் விளங்காவிட்டாலும் அந்த மூச்சு அவருக்கு விளங்கியது. “உன் தாயின் படத்தைப் பிரதி எடுத்தால், அந்தப் பிரதிக்கு மீசை கீறுவாயா?” என்று கேட்டார்.

பிறகு அவராகவே சொன்னார். அவர் சொக்வே இனத்தவர். இந்த முகத்தின் பெயர் ப்வோ, பெண். தங்கள் வழியில் வாழ்ந்து மறைந்த தாய்மாருக்கு அவர்கள் செதுக்கும் முகம். கண்ணீர்க் கோடும் கூரான பல்லும் அவளுடைய அழகு. நெற்றியிலுள்ளது அவர்களுடைய அடையாளம், எங்களுடையது அல்ல. ஆண்கள்தான் அவளை அணிந்து, அடிமேல் அடி வைத்து மெல்ல ஆடுவார்கள். பெண்கள் சுற்றி நின்று பார்ப்பார்கள், நடை பிசகினால் சிரிப்பார்கள். ஆடுகிறவன் இறந்தால் அவளையும் அவனோடு புதைப்பார்கள்.

“என் தகப்பன் ஆடினவர். போரில் எங்கே விழுந்தார் என்று தெரியாது. அவருடைய முகம் எங்கே போனதென்றும் தெரியாது. போன கிழமை முழுவதும் நான் ஷிப்ட் முடிந்து வந்தால், உங்கள் வாசலில் அவள் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள்.” மேலுதட்டை விரலால் தொட்டுக் காட்டினார். “இதைக் கீறியது யார்?”

“கடையில...” என்று மகன் தொடங்கினான்.

“நான்,” என்றேன். “நாற்பது நிமிடம் எடுத்தது.”

அறை போயிற்று என்று நினைத்தேன். அவர் என்னையும் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். “இரண்டு பக்கமும் ஒரே அளவு,” என்றார். முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு மேலதிகாரியும் சொல்லாத வார்த்தை. நன்றி சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தை என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

“என்னிடம் சொன்னது போதும். அவளிடம் சொல்லுங்கள்.”

“எந்த மொழியில்?”

“உங்கள் தாயோடு பேசிய மொழியில்.”

நாற்பத்தாறு வருடம் என்னோடு வாழ்ந்த மனைவியிடம், அவள் கண்ணை மூடும்வரை, பிழை என்னுடையது என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தேன். பூச்சியம். இப்போது ஒரு கழிப்பறைக்காக மரத்துண்டிடம் சொல்லப்போகிறேன். அப்படி நினைத்துக்கொண்டுதான் வாயைத் திறந்தேன்.

“எணை அம்மா, தெரியாமல் செய்துபோட்டன். பெரிய பிழை.” அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “நான் உன்னை வடிவாப் பாக்கேல்லை. பொறுத்துக்கொள்ளணை,” என்று மேலும் வந்தது. அது யாருக்கு என்று எனக்கே நிச்சயமில்லை. மருமகள் எழுந்து குசினிக்குள், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

“என்ன சொன்னார்?” என்று அவர் மகனைக் கேட்டார்.

“மன்னிப்புக் கேட்டார்.”

“அதற்கு இவ்வளவு நீளமா?”

“ஓம்,” என்றான் மகன், தமிழிலேயே.

அவர் பேனை கேட்டார். கையெழுத்தை வைத்துவிட்டு, முகத்தைத் தான் கொண்டுபோகலாமா என்று, என்னிடமல்ல, குசினி வாசலில் நின்ற மருமகளிடம் கேட்டார். அவள் அலுமாரியிலிருந்து புதுத் துவாய் ஒன்றை எடுத்து, நார்த்தலை கலையாமல் சுற்றிக் கொடுத்தாள். அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வாசல் நிலை தட்டாமல் பக்கவாட்டாக நடந்து வெளியேறினார். தெருப் படலையடியில் நின்று, அறை கட்டி முடிய எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டார். மகன் பன்னிரண்டு கிழமை என்றான். இனி அவரிடம் பொய் வேண்டாமென்று, நான் பதினாறு என்று திருத்தினேன்.