லாரி ஆபீசுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர்

லாரி ஆபீசில் எல்லோருக்கும் அவள் டைப்பிஸ்டம்மா. இரும்பு டைப்ரைட்டரில் தட்டித் தட்டியே தலை நரைத்தவள். பிறகு கரண்டில் ஓடும் டைப்ரைட்டர் வந்தது. அது கைக்குப் பழகுவதற்குள் கம்ப்யூட்டர் வந்து இறங்கிவிட்டது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, பொரிக்காத அப்பளம் மாதிரி தொட்டால் வளையும் இரண்டு ஃபிளாப்பிகள்.

"கண்டுபிடிக்கிறவனுக்கு என்ன, வீட்ல யாரோ சமைச்சுப் போடுறாங்க" என்று அலுத்துக்கொண்டாள். அவள் வீட்டில் சமைப்பதும் அவள்தான், பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் அவள்தான். தினமும் மத்தியானம் வீட்டுக்கு ஓடி, அவருக்கு ஊட்டிவிட்டுத் திரும்ப ஓடி வருவாள்.

மேனேஜர் அவளிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "மூட்டை எடையெல்லாம் கட்டத்துல போட்டா இது தானா கூட்டிடுமாம். கூட்டுச்சுன்னா கிளார்க்கம்மா துறைமுகக் கிளைக்குப் போகட்டும். கூட்டலன்னா மெஷினத் திருப்பி அனுப்பிட்டு உங்கள அனுப்புவேன். இங்க ஒரு ஆள் போதும். ஒரு மாசம் கெடு."

கிளார்க்கம்மா எதிர் நாற்காலிக்காரி, இவளை அக்கா என்று கூப்பிடுகிறவள். பென்சிலால் கூட்டுவாள், பிசகாது. துறைமுகக் கிளை என்றால் இரண்டு பஸ் மாற வேண்டும், நாள் முழுக்க நின்றுகொண்டு மூட்டைக்குச் சீட்டு ஒட்ட வேண்டும். அங்கிருந்து மத்தியானம் வீட்டுக்கு ஓடிவரவே முடியாது.

கம்ப்யூட்டரின் கூட்டல் ஒரு நாளும் சரியாக வரவில்லை. மெக்கானிக் இரண்டு முறை வந்து திறந்து பார்த்துவிட்டு, மெஷினில் கோளாறே இல்லை என்று கையை விரித்தார். டைப்பிஸ்டம்மா கண்ணெரிய உட்கார்ந்து திரும்பத் திரும்ப அடித்தாள். அவளுக்கு வெறுத்துப் போனது.

கெடுவின் கடைசி நாள் காலையில் கிளார்க்கம்மா எழுந்து வந்து பின்னால் நின்றாள்.

"அக்கா, ஒன்னாம் நம்பர் போட எந்தக் கீயத் தட்டுறீங்க?"

"எப்பவும் தட்டுறதுதான். இங்கிலீஷ் சின்ன எல்."

பழைய டைப்ரைட்டரில் ஒன்றுக்கென்று கீ கிடையாது. எல்லா டைப்பிஸ்டுகளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும் சின்ன 'எல்' எழுத்தைத் தட்டி ஒப்பேற்றுவார்கள். காகிதத்துக்கு அது போதும். கம்ப்யூட்டரோ அதை எழுத்து என்று ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மட்டும் கூட்டியிருக்கிறது.

"மேல் வரிசையில ஒன்னு தனியா இருக்கே, அதத் தட்டுங்க."

தட்டினாள். திருத்தி முடித்ததும் பென்சில் கணக்கும் திரைக் கணக்கும் ஒன்றாக வந்தன. அப்பாடா என்று மேஜையில் தலையைச் சாய்த்தவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"உனக்கு எப்படி தெரியும்?"

"போன வாரமே உங்க விரலக் கவனிச்சேன்."

"வாயத் தொறக்காம இருந்திருக்கலாமேடி!"

"இருக்கத்தான் பாத்தேன். நேத்து நீங்க வீட்டுக்குப் போயிட்டு வந்து மூச்சு வாங்குனதப் பாத்தப்புறம் முடியலக்கா."

 அதற்குள் மேனேஜர் வந்து திரையைப் பார்த்து, "பிரமாதம்!" என்றார். பிறகு கிளார்க்கம்மா பக்கம் திரும்பி, "திங்கக்கிழமையிலேருந்து துறைமுகம்" என்றார்.

"சரி சார்."

டைப்பிஸ்டம்மா ஏதாவது சொல்ல வாயெடுத்தாள். மத்தியானம் ஆகியிருந்தது. வீட்டில் அவர் பசியோடு கிடப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினாள்.