கவசத்துக்குள் இல்லாத தலை

இரும்புத் தொப்பிக்குக் கீழே என் அறைத்தோழனின் முகம் முதன்முதலாகத் திரையில் தெரிந்த மாலை என்னைவிட்டு இன்னும் விலகவில்லை. பென்னலூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை அது. அந்த உருவத்தைச் செய்தவர் வீட்டுக்காரரின் மகன். அண்ணன் என்று அழைப்போம். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் கணினியில் வரைபடம் போடும் வேலை அவருக்கு. ஓய்வு நேரமெல்லாம் ஐரோப்பிய இடைக்காலப் போர்வீரர்களை முப்பரிமாணத்தில் உருவாக்குவார். கவசம் புதிதாகப் பளபளத்தால் அவருக்குப் பிடிக்காது. தோள்வார் உரசிய இடம் மழுங்கியிருக்க வேண்டும். மூட்டுகளில் எண்ணெய்க் கறுப்பு படிந்திருக்க வேண்டும். அதற்காகவே தகரத் துண்டுகளைப் பொறுக்கி வந்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

முகத்துக்கு என் அறைத்தோழனை உட்காரவைத்தார். ஒப்பந்த வேலைக்கு வந்திருந்த திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், ஓரிடத்தில் இருக்கமாட்டான். முன்பக்கம் முடிந்ததும் போகச் சொல்லிவிட்டார்.

“காது வேண்டாமாண்ணே?”

“இன்னாத்துக்குடா? தொப்பிக்குள்ள பூடும். வெளிய தெரியாததெல்லாம் வெச்சிகினு இருந்தா இந்த மெஷினு படுத்துக்கும்.”

கவசத்துக்குள் உடலும் கிடையாது என்று தெரிந்ததும் அவன் சிரித்தான். “ஆளே இல்லாம சட்டைய மட்டுமா சண்டைக்கு அனுப்புதிய?”

அந்த ஆண்டே, சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் லாரி மோதி இறந்துபோனான். முகத்தைத் துணியால் சுற்றித்தான் ஊருக்கு அனுப்பினார்கள். காரியம் முடிந்தபின் அவன் பெட்டியை வாங்க அவனுடைய அம்மா வந்தார். தன்னை ராஜா காலத்துச் சிப்பாயாக்கியிருப்பதை அவன் தொலைபேசியில் சொல்லியிருந்தானாம். பஸ்ஸுக்கு முன் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றார்.

அண்ணன் படத்தைத் திறந்தார். அம்மா வெகுநேரம் பார்த்தார்.

“அந்தத் தொப்பியக் கழட்டுங்க தம்பி. தலைய முழுசா ஒருக்கா பாத்துக்கிடுதேன்.”

கழற்றினால் நெற்றிக்கு மேலே ஒன்றுமில்லை. முகம் வெறும் ஓடு. ஒரே அறையில் உறங்கிய எனக்கும் அவன் காது எப்படியிருக்கும் என்று நினைவுக்கு வரவில்லை.

“இன்னும் செய்யலம்மா. இப்ப செய்றேன். நீங்க சொல்லுங்க” என்றார் அண்ணன்.

அம்மா அவர் காதைத் தொட்டுப் பார்த்து, “இதவிடச் சின்னது” என்றார். பின்மண்டை ஒரு பக்கம் தட்டை, குழந்தையில் ஒருக்களித்தே கிடப்பான் என்றார். அவர் சொல்லச் சொல்லத் தலை உருண்டு வந்தது. பஸ் நேரம் நெருங்கியது. முடி வைக்க அந்தக் கணினிக்குத் திராணியில்லை.

“மொட்டையாத்தாம்மா கீது” என்றார் அண்ணன், தலைகுனிந்துகொண்டு.

“இருக்கட்டும் தம்பி. வேலை நிரந்தரமானா வல்லக்கோட்டை முருகனுக்கு முடி எறக்குதேன்னு வேண்டியிருந்தான்.”

அண்ணன் இப்போது சென்னையில் இதையே தொழிலாகச் செய்கிறார். அவருடைய வீரர்களுக்கு ஒவ்வொரு மயிரிழையும் காற்றில் தனித்தனியே அசைகிறது. அந்தப் பழைய படத்தையும் வைத்திருக்கிறார். அவனுக்கு மட்டும் இன்றுவரை முடி வைக்கவில்லை.