பூஜ்யத்துக்கு அடுத்த குண்டு

எஸ்தர் அக்கா இறந்த செய்தியைச் சொல்ல, ராஜபாளையத்திலிருந்து நம் ரைபிள் கிளப் காவலாளி பஸ் ஏறி திருவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். "மஞ்சக்காமாலைன்னு மதுரைக்குக் கொண்டு போனாகளே, அந்தப் பிள்ளை காலையில போயிருச்சும்மா." அம்மா நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை நிற்பதற்குள் என் பக்கம் திரும்பி, "இனி நீ யாருகூட போவ? துப்பாக்கியெல்லாம் இத்தோட போதும்" என்றாள். அப்பாவும் அதையே சொல்லிவிட்டார். அக்கா கூட்டிப்போய்க் கூட்டிவந்து விடுவார் என்பதால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அனுப்பினார்கள். அடுத்த மாதம் சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு நம் கிளப்பிலிருந்து பெயர் கொடுத்த பெண்கள் இரண்டே பேர். ஒருவர் அக்கா, இன்னொருத்தி நான்.

கிளப்பில் அக்காவுக்காக நடக்கும் அஞ்சலிக் கூட்டத்துக்கும் என்னை அனுப்ப மாட்டார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். இதைக் காவலாளி அண்ணனிடம் கொடுத்தனுப்புவேன். உங்களில் ஒருவர் வாசித்துவிடுங்கள்.

அக்காவை நீங்கள் அறிவீர்கள். மில் ஆபீசில் டைப்பிஸ்ட். ஞாயிறு முதல் ஆராதனை முடிந்ததும் சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு, என்னையும் கூட்டிக்கொண்டு நேராக கிளப்புக்கு வந்துவிடுவார். கைப்பையில் பாட்டுப் புத்தகமும் ஈயக் குண்டு டப்பாவும் ஒன்றாகக் கிடக்கும். முந்தானையை இழுத்துச் செருகிப் பின் குத்திக்கொண்டு, பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையை நோக்கி ஏர் பிஸ்டலை நீட்டுவார். ஒரு கையால்தான் பிடிக்க வேண்டும் என்பது விதி. மறு கை சும்மா இடுப்பில் இருக்கும். "ரேஷன் கடை வரிசையில நிக்கிற மாதிரில்ல நிக்க" என்று ஒருவர் கேலி செய்தார். "ஆமாண்ணே, எனக்குள்ளதை வாங்காம நகர மாட்டேன்" என்றார் அக்கா.

மில்லில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கனமான பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்றைக் கை நீட்டித் தூக்கிப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நிற்பாராம். கை ஆடாமல் இருக்கப் பயிற்சி. "காத்துக்கா துணி தேய்க்க?" என்று கேட்பார்களாம். "உங்க வாய்க்கு" என்பாராம். அக்கா சாது இல்லை. தன் பிஸ்டலைக் கேட்காமல் தொட்டவர்களை அவர் ஏசிய ஏச்சை நானும் கேட்டிருக்கிறேன்.

நான் கிளப்புக்கு வந்த முதல் நாள் என் கை வெடவெடவென்று ஆடியது. பின்னாலிருந்து நம் மில் ஃபிட்டர் மாமா, "ஏட்டி, அட்டை ஒண்ணும் உன்னைத் திருப்பிச் சுடாது" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குப் பக்கத்தில் சுட நின்ற அக்கா மட்டும் என் பக்கம் குனிந்தார். "அவிய சிரிச்சு முடிக்கட்டும். அம்புட்டு நேரம் கையை இறக்கி வச்சுக்க. தூக்கிட்டா சுட்டே ஆகணும்னு சட்டமா இருக்கு?" நான் இறக்கினேன். தூக்கினேன், மறுபடியும் இறக்கினேன். சிரித்தவர்கள் சலித்துப்போய் டீ குடிக்கப் போனார்கள். அதற்குப் பிறகுதான் சுட்டேன். அட்டையில் பட்டது.

அக்கா வெளிநாட்டுப் போட்டிக்குப் போய்வந்த கதையை எல்லோரும் பலவிதமாகச் சொல்கிறீர்கள். என்னிடம் அவர் சொன்னது இது. அவ்வளவு நீளமான கூடத்தை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. வரிசையாகப் பெண்கள், எதிரே வரிசையாக ஒரே மாதிரி அட்டைகள். முதல் குண்டையே பக்கத்துப் பெண்ணின் அட்டையில் சுட்டுவிட்டார். நடுவர் கவனிக்கவில்லை. அக்காவே கையைத் தூக்கி, அந்த அட்டையையும் தன்னையும் காட்டினார். அவர் கணக்கில் அந்தக் குண்டுக்குப் பூஜ்யம். போட்டி முடிந்ததும் பக்கத்துப் பெண் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாளாம். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லையாம்.

ஊர் திரும்பியதும் கேலிக்குக் குறைவில்லை. "கடல் தாண்டிப் போயி அடுத்தவ அட்டையில சுட்டுட்டு வந்திருக்கா!" கிளப் கரும்பலகையில் செயலாளர் அக்காவின் மொத்த மதிப்பெண்ணை மட்டும் எழுதினார். அக்கா சாக்பீஸை வாங்கி, ஒவ்வொரு குண்டின் மதிப்பையும் எழுதினார். வரிசையின் தலையில் பூஜ்யம். "எதுக்கும்மா இது?" என்றார் செயலாளர். "அதுவும் நான் சுட்டதுதான் சார்."

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கேட்டேன். "அதுக்குப் பொறவு கை நடுங்கலையாக்கா?"

"நடுங்காம என்ன? அழுகையே வந்துச்சு. ஆனா அடுத்த குண்டுக்குக் கையைத் தூக்கினேன் பாரு, அதான் நான் சுட்டதுலயே பெரிய குண்டு. பத்துக்கு எட்டுதான் விழுந்துச்சு. இருக்கட்டும்."

அடக்கத்தன்று அப்பா பந்தலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே அக்காவின் அம்மா என் கையைப் பிடித்து, "ஏட்டி, மெட்ராஸுக்கு என்னைக்குப் போற?" என்று கேட்டார். அப்பா விடமாட்டார், கூட வர ஆளில்லை என்றேன். அதற்கு அவர் சொன்னார்: "நான் வாரேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இதுன்னு சொல்லிச் சொல்லியே, அவ சுடுறதை ஒருநாளும் போயிப் பாக்கல. நீ சுடுறதையாவது பாக்கேன்."

இதை அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை அவர் சவரம் செய்ய உட்காரும்போது முன்னால் போய் நின்று, "நான் மெட்ராஸ் போறேம்பா. அக்காவோட அம்மா கூட வாராக" என்று சொல்லப் போகிறேன். முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். கத்தவும் செய்வார். நான் அங்கேயே நின்று இரண்டாவது தடவையும் சொல்வேன். அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த இரண்டாவது தடவைதான்.

செயலாளர் சார், என் பெயரை எடுத்துவிடாதீர்கள்.