மெடிக்கல் போர்டில் “நல்லா இருக்கறனுங்க”

கோயமுத்தூரில் முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகம் ஒன்றில் நான் பென்ஷன் செக்‌ஷன் கிளார்க்காக இருந்தேன். மனு எழுதுவது, அப்பீல் அனுப்புவது, பதில் வராவிட்டால் ரிமைண்டர் போடுவது என்று தலை நரைத்து, ரிட்டயர்டும் ஆகிவிட்டேன். இப்போது அந்த செக்‌ஷனில் இருக்கும் பெண்கள் சந்தேகம் கேட்டு போன் செய்கிறார்கள். அவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹவில்தார் வேலுச்சாமியின் கேஸ்தான்.

கிணத்துக்கடவு பக்கத்து ஆள். வெளிநாட்டில் அமைதிப்படைப் பணிக்குப் போய்த் திரும்பியவர். திரும்பியதிலிருந்து மூட்டெல்லாம் வலி, தூக்கம் கிடையாது, கொஞ்சம் நடந்தாலே உடம்பு ஓய்ந்துவிடும். ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். சர்வீஸை விட்டு வரும்போது டிஸெபிலிட்டி பென்ஷன் கேட்டார். பணியால் உடம்பு கெட்டவர்களுக்குத் தருவது அது. டாக்டர்கள் அடங்கிய மெடிக்கல் போர்டு அவரைப் பார்த்துவிட்டு, குறை ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டது.

அந்த உத்தரவோடு மனைவி சரஸ்வதியும் அவரும் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். சரஸ்வதி உட்கார்ந்தார் என்பதே சரி. வேலுச்சாமி நின்றார். உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

“போர்டுல என்ன கேட்டாங்க?” என்றேன்.

“டாக்டரு எப்படி இருக்கீங்கன்னு கேட்டாருங்க” என்றார் வேலுச்சாமி.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நல்லா இருக்கறனுங்கன்னு சொன்னேனுங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்புறம் அவரு என்னத்தை எழுதுவாரு?”

“ஏனுங்க மேடம், அத்தனை பெரிய டாக்டரு பிரியமாக் கேக்கறாரு. மூஞ்சிக்கு நேரா ஒடம்பு செரியில்லைன்னு எப்படிங்க சொல்றது? மருவாதியா இருக்குங்களா?”

“அது மட்டுமில்லீங்க மேடம்,” என்றார் சரஸ்வதி. “வலி மாத்திரையை ரெண்டா முழுங்கிப்போட்டு, மீசையை ஒதுக்கி, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுட்டுப் போனாருங்க. பொண்ணு பாக்கப் போறவராட்ட.”

“ஆபீசர் முன்னாடி ஏனோதானோன்னு நிக்க முடியுங்களா?” என்றார் வேலுச்சாமி.

சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்து மரியாதையே அப்படித்தான். காய்ச்சலில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போனாலும், எழுந்து உட்கார்ந்து “நல்லா இருக்கறனுங்க, நீங்க சௌக்கியமுங்களா” என்பார்கள். அதோடு பட்டாளத்துப் பழக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

“பென்ஷன் வேண்டாம்னா சொல்லுங்க, ஃபைலை மூடிடலாம்” என்றேன் எரிச்சலோடு. அவர் தலையைக் குனிந்துகொண்டார். சரஸ்வதிதான் பேசினார்.

“காசு வந்தா நல்லதுதானுங்க. ஆனாத் தோப்பு இருக்குது, எப்படியோ பொழச்சுக்குவோம். இவங்க அண்ணன் ஊரெல்லாம் சொல்லீட்டுத் திரியறாருங்க, வேலைக்கு ஒடம்பு வளையாம வேசம் போடறான்னு. டாக்டருங்களும் ஒண்ணுமில்லைன்னு எழுதிப்போட்டாங்களா, இப்ப இவருக்கே சந்தேகம் வந்துபோச்சு. ராத்திரில எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, ‘நெசமாலுமே எனக்கு ஒண்ணுமில்லையோ சரசு’ன்னு கேக்கறாருங்க.”

அதற்குப் பிறகு என் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. நோய் இருக்கிறது என்று அடுத்தவர் நம்பாவிட்டால் சமாளிக்கலாம். தன் வலியையே ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்தால் அப்புறம் அவருக்கு என்ன இருக்கிறது?

அப்பீல் போட்டு மறுபடியும் ஒரு போர்டுக்கு உத்தரவு வாங்கினோம். துணைக்கு மனைவியை உள்ளே விட வேண்டும் என்று மனுவிலேயே கேட்டிருந்தேன். போகும் முன் இருவரையும் வரவழைத்து, நானே டாக்டராக உட்கார்ந்துகொண்டேன்.

“எப்படி இருக்கீங்க?”

“நல்லா இருக்கறனுங்க.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுபடி கேட்டேன், மறுபடியும் அதே பதில். செக்‌ஷனில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவரும் சிரித்தார்.

“நடிக்கச் சொல்லலீங்க, உள்ளதைச் சொல்லுங்க” என்றேன்.

“செரிங்க” என்று போனார். எனக்கு நம்பிக்கை இல்லை.

போர்டில் நடந்ததைச் சரஸ்வதி பிறகு வந்து சொன்னார். இந்த முறை பெண் டாக்டர். அவர் கேட்டதும் வேலுச்சாமி நாற்காலியை விட்டு எழுந்து விறைப்பாக நின்று, “நல்லா இருக்கறனுங்க மேடம்” என்றிருக்கிறார். அதையே எழுத டாக்டர் பேனாவை எடுத்துவிட்டார். வெளியாட்கள் முன்னால் கணவர் பேச்சுக்கு நடுவில் சரஸ்வதி ஒரு நாளும் பேசியவரில்லை. அன்றைக்குப் பேசினார்.

“ஏனுங்க, காலைல உங்க சட்டைப் பொத்தானை ஆருங்க போட்டுவுட்டது?”

வேலுச்சாமியின் கை சட்டைப் பொத்தானுக்குப் போனதாம்.

“ஆருன்னு டாக்டரம்மாகிட்டச் சொல்லுங்க.”

“ஊட்டுக்காரிதானுங்க” என்றாராம், தரையைப் பார்த்துக்கொண்டு.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்திருக்கிறார். எப்படி இருக்கீங்க என்று அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கட்டிலை விட்டு எழுவது எப்படி, பல் துலக்குவது எப்படி, சோற்றைப் பிசைவது யார், எவ்வளவு தூரம் போனால் உட்கார வேண்டியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். வேலுச்சாமி எதற்கும் பொய் சொல்லவில்லை. நலம் விசாரித்தால்தான் அவருக்கு மரியாதை குறுக்கே வரும், வேலையைப் பற்றிக் கேட்டால் உள்ளது உள்ளபடி ரிப்போர்ட் செய்துவிடுவார்.

நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டது இதுதான். அதன் பிறகு யார் வந்தாலும் “உடம்பு எப்படி” என்று கேட்டதில்லை. “எந்திரிச்சதிலிருந்து என்னென்ன செஞ்சீங்க, கூட யார் கை கொடுத்தாங்க” என்றுதான் கேட்டேன். மனுவையும் அப்படியே எழுதினேன். இப்போது போன் செய்யும் பெண்களுக்கும் இதையே சொல்கிறேன்.

உத்தரவு வந்ததும் இருவரும் வந்தார்கள். பென்ஷன் கிடைத்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். காரணம் கண்டறியப்படாத நீண்டகால நோய், பணியின் விளைவாக ஏற்பட்டதென ஏற்கப்படுகிறது.

“சீக்குக்குப் பேரு போட்டிருக்குதுங்களா?” என்றார் சரஸ்வதி.

“பேரு போடலீங்க அம்மணி. அவங்களுக்கே தெரியலை.”

வேலுச்சாமி அந்த வரியை மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பேரு இல்லாட்டிப் போகுதுங்க மேடம். பொய்யில்லைன்னு ஆச்சுங்களே.”