பொல்லோடு உள்ளே போனவர்

தில்லைநாதன் சாவகச்சேரிப் பக்கத்து ஐயாத்துரையின் மூத்த மகன். உலகச் சண்டைக் காலத்தில் பட்டாளத்து லொறி ஓட்டினவர். திருகோணமலை வீதியில் லொறி புரண்டு வலது முழங்கால் நொறுங்கியது. பிறகு சிவனேஸ்வரியைக் கட்டி, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றக் காணியொன்று கிடைத்து வன்னிக்கு வந்தார். ஊன்றி நடக்கும் பொல்லில்லாமல் முற்றம் தாண்டமாட்டார். சேற்றில் இறங்குவது எங்கே? வயலைத் தரிசாகப் போட்டால் காணியைப் பறிப்போம் என்று காணிக் கந்தோர் அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். உழவுக்கு ஆள் பிடிக்க, காயத்துக்கான பென்சனைத்தான் நம்பியிருந்தார்.

கொழும்புக்குக் கூப்பிட்டுச் சோதித்த டொக்டர்மார் மறுத்துவிட்டார்கள். நடையில் குறையில்லையாம்.

“அவங்களுக்குக் கண் இல்லையோ? எப்பிடி உள்ளுக்குப் போனனீங்கள், சொல்லுங்கோ பாப்பம்” என்றாள் சிவனேஸ்வரி.

“மரியாதையாத்தான் போனனான். செருப்பை வாசல்லை கழட்டினன். பொல்லையும் பக்கத்திலை சாத்தினன்.”

“பொல்லையுமோ?”

“பின்னை, பெரிய டொக்டர்மாருக்கு முன்னாலை அதை ஊண்டிக்கொண்டு போறதே? பல்லைக் கடிச்சுக்கொண்டு பட்டாளத்து நடை நடந்தனான்.”

“வடிவா நடந்தீங்கள். இனிக் காணியை விட்டும் நடப்பம்!”

மறுநாளே அப்பீல் எழுதுவித்தார்கள். அந்தப் போகம் அவளுடைய தமையன் பரமலிங்கம் வந்து உழுது கொடுத்தார். “அடுத்த முறைக்கு என்னைப் பார்க்காதையுங்கோ” என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

கொழும்பு மறுபடி கூப்பிட்டபோது சிவனேஸ்வரியும் ரயிலேறினாள். வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார். கை தன்பாட்டில் பொல்லைச் சுவரில் சாத்தியது. அவள் அதை எடுத்துத் திரும்பக் கையில் வைத்தாள்.

“இஞ்சேருங்கோ, இது செருப்பில்லை. உங்கட கால்.”

உள்ளே அதே டொக்டர்தான். பொல்லை வைத்துவிட்டு நடக்கச் சொன்னார். இம்முறை தில்லைநாதன் பல்லைக் கடிக்கவில்லை. மூன்றாம் அடியில் கால் மடிந்து, மேசையைப் பிடித்துத் தொங்கினார். வெட்கத்தில் முகம் எரிந்தது.

“போன முறை நல்லா நடந்தனீர். இப்ப நடிக்கிறீரோ?”

“அண்டைக்குத்தான் ஐயா நடிச்சனான்.”

டொக்டர் எழுந்து வந்து, அவரைக் கதிரையில் இருத்தி, வேட்டியை ஒதுக்கி முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். போன முறை அதை ஒருவரும் தொடவில்லை.

அடுத்த காலபோக உழவுக்கு முன்னமே பென்சன் வந்தது. கூலிக்கு வந்தவன் உழ, தில்லைநாதன் வரம்பில் பொல்லை ஊன்றி நின்று, “ஆழ உழடா, காணி எங்கட!” என்று கத்திக்கொண்டிருந்தார்.