கம்பி கட்டிய தொட்டி

செஞ்சி கடைத்தெருவில், இரும்புக்கடை ராஜாராம் செட்டியார் வீட்டுப் பித்தளைக் குடத்தைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். அவர் மனைவி சாமுண்டீஸ்வரி தேய்க்கிற தேய்ப்பு அப்படி. விறகைக்கூடக் கழுவித்தான் அடுப்பில் வைப்பாள் என்று பக்கத்து வீட்டு ஜானகி கேலி செய்வாள். அந்தக் கேலியில் சாமுண்டீஸ்வரிக்கு உள்ளூரப் பெருமைதான்.

அப்பேர்ப்பட்டவள் கழுவாமல் விட்டது ஒன்று உண்டு. கொல்லைப்புறத்தில் வரிசையாக நின்ற ஒன்பது மண் தொட்டிகளின் உட்புறம்.

அறுபத்து நாலாம் வருஷம் அந்தத் தொட்டிகளில் கனகாம்பரம் நிற்கவே மாட்டேன் என்றது. நன்றாகத் துளிர்க்கும், மொட்டு விடும் நேரத்தில் தலை தொங்கிவிடும். பிடுங்கினால் வேர் கறுத்திருக்கும். சாமுண்டீஸ்வரி அதே குழியில் அடுத்த நாற்றை நடச் சொல்வாள்.

நாற்றுக் கொண்டுவருகிறவள் சிங்கவரத்துத் தைலம்மாள். கூலி வேலை கிடைக்காத நாளில் கூடையைத் தூக்கிக்கொண்டு செஞ்சிக்கு நடந்து வருவாள். சேரிக்காரி என்பதால் வாசல் பக்கம் வரக் கூடாது. சந்து வழியாகக் கொல்லைக்கு வந்து நட்டுவிட்டுப் போவாள். அவள் சந்து முனை திரும்புவதற்குள் சாமுண்டீஸ்வரி மஞ்சள் தண்ணீர் கரைத்து, அவள் கை பட்ட தொட்டிகளின் மேலெல்லாம் சளார் சளாரென்று ஊற்றிவிடுவாள்.

மூன்றாம் முறை நடும்போது தைலம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. செடி செத்த தொட்டியில அப்படியே வெச்சா இதுவும் போயிடும். பழைய மண்ண கொட்டிட்டு, உள்பக்கம் நார் போட்டுத் தேச்சு, கொதிக்கிற தண்ணி ஊத்திக் கழுவி, நாலு நாளு வெயில்ல கவுத்து வையுங்க. அப்புறமா புது மண்ணு போடலாம். நோவு தொட்டிக்குள்ளதான் இருக்குது."

சாமுண்டீஸ்வரிக்குச் சுருக்கென்றது. கழுவுவதைப் பற்றித் தனக்கு, அதுவும் இவள் சொல்வதா!

"யாருக்கு இன்னா சொல்ற நீ? ஒன் வேலைய பாத்துக்கினு போ."

அந்தச் செடிகளும் பட்டுப்போயின. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, சாமுண்டீஸ்வரி தெருக்குழாயடியில் வாயை விட்டாள். "அவ கையில ராசியே இல்லடி. வெச்சதெல்லாம் வாடிப்போவுது." செட்டியார் வீட்டம்மா சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? ஒரே மாதத்தில் தைலம்மாளிடம் நாற்று வாங்க ஒரு வீடு இல்லை. நிறைந்த கூடையோடு வந்து, நிறைந்த கூடையோடு திரும்பிப் போனாள். அவள் கடைசியாக நட்ட தொட்டியை, விளிம்பில் விரிசல் விட்டதால் செட்டியார் கம்பி கட்டிக் கொடுத்திருந்த தொட்டியை, சாமுண்டீஸ்வரி சந்தில் வீசினாள்.

புரட்டாசியில் சிங்கவரத்துப் பெருமாளைச் சேவித்துவிட்டு, சாமுண்டீஸ்வரி ரோட்டோரமாக நடந்து வந்தாள். ஒரு குடிசையின் முன்னால் கனகாம்பரம் கண்ணைப் பறித்தது. பக்கத்தில் நாலைந்து தொட்டிகள் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. பூத்திருந்த தொட்டியின் விளிம்பில் கம்பிக்கட்டு. கணவர் முறுக்கிய முடிச்சு அவளுக்குத் தெரியாதா?

உள்ளிருந்து வந்த தைலம்மாள் அவளைக் கண்டதும் பதறினாள்.

"சந்துல கெடந்துச்சும்மா. வேணாம்னு போட்டதுன்னு எடுத்தாந்தேன். வேணும்னா எடுத்துக்கினு போங்க."

"அதுக்கில்ல... இதுல எப்படிப் பூத்துது?"

"ஒண்ணும் பண்ணலம்மா. நல்லா கழுவுனேன், அவ்ளோதான்."

அதே தொட்டி. அதே கை. தைலம்மாள் கேட்காமலே எட்டு நாற்றுகளைப் பிடுங்கி, பூவரச இலையில் சுற்றித் தரையில் வைத்தாள். வைத்துவிட்டு, இரண்டு எட்டு பின்னால் தள்ளி நின்றாள். சந்து முனைவரை அந்த மஞ்சள் தண்ணீர்ச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறது. குனிந்து நாற்றை எடுத்தபோது சாமுண்டீஸ்வரிக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது.

வீட்டுக்கு வந்து எட்டுத் தொட்டிகளையும் உள்ளே நாரால் தேய்த்துக் கழுவி, காயவைத்து நட்டாள். மேலே மஞ்சள் தண்ணீர் ஊற்றவில்லை. தை பிறக்கும்போது கொல்லை முழுக்கப் பூ.

குழாயடியில் ஜானகி எல்லோர் முன்னாலும் கேட்டாள். "இன்னாக்கா ராசி ஒன் கைக்கு! அந்தத் தைலம்மா வெச்சப்போ எல்லாம் செத்துப்போச்சே?"

சொல்வதற்கு இதுதான் நேரம். அவள் கையில் குற்றமில்லை, என் தொட்டியில்தான் அழுக்கு என்று சொல்லிவிட்டால் தைலம்மாளின் கூடை மறுபடி இந்தத் தெருவுக்குள் வரும். வார்த்தை தொண்டைவரை வந்தது. நாலு பெண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா கழுவுனேன், அவ்ளோதான்" என்றாள்.

"அதானே, கழுவுறதுல ஒன்ன மிஞ்ச ஆளு ஏது!" என்றாள் ஜானகி.

சாமுண்டீஸ்வரி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு தலை நிமிராமல் வீட்டுக்கு நடந்தாள். அந்தப் பூவில் ஒன்றைக்கூட அவள் தலையில் வைத்துக்கொள்ளவில்லை.