ராண்டியின் படத்து மாலை

மலைச்சிங்கத்தின் இடது கண்ணைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் தொழிலில், பாடம் செய்த விலங்கின் கண்ணைத் துடைக்கும்போது அந்தக் கண்ணைப் பார்க்கக் கூடாது. கண்காட்சிக் கூடங்களில் பொருட்களை அடுக்கியே காலம் தள்ளும் உங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. பார்த்தால் அதுவும் பார்க்கும்.

நான்கு படங்கள்

மலைச்சிங்கத்தைப் பூமா என்றும் சொல்வார்கள். அமெரிக்க மலைகளில் அதைக் கண்ட இடத்தில் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், பின்தொடர்ந்து சென்று ஆராய்ந்து, அதற்காக வாதாடிய நான்கு பேரை ஒஸ்லோவில் கௌரவிக்கும் கண்காட்சி அது. நால்வரில் ராண்டி என்பவர் மட்டும் நோர்வேக்காரி. சுவரில் நான்கு கறுப்பு வெள்ளைப் படங்கள். முன்னோடிகள் என்றால் போய்ச் சேர்ந்தவர்கள்தானே என்று நினைத்தோம். ஒருவரும் விசாரிக்கவில்லை.

என்னோடு வேலை செய்யும் யோகன் அண்ணை ஒஸ்லோவின் புறநகரான ரொம்மனில் இருப்பவர். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு மாலை கட்டுபவர். பக்கத்து ஸ்டோவ்னர் காட்டோரத்தில் ஊசியிலைக் கொப்புகள் வெட்டிவந்து, நான்கு மாலை கட்டி, நான்கு படங்களுக்கும் போட்டார். கண்காட்சிப் பொறுப்பாளருக்கு அவை மிகவும் பிடித்துவிட்டன. ஏன் இந்த வேலை என்று நான் கேட்டேன்.

"பெரிய ஆக்கள், பிள்ளை. செத்தும் சுவரிலை நிக்கினம். வெறுங்கழுத்தோடை விடேலுமே?"

செந்திலின் பெட்டி

மலைச்சிங்கத்தின் கழுத்தில் அது உயிரோடு இருந்தபோது மாட்டிய பழைய வானொலிப் பட்டி இருந்தது. விலங்கு நடமாடும்வரை அந்தப் பட்டியிலிருந்து மெதுவான டிக், டிக். நெடுநேரம் அசையாமல் கிடந்தால் துடிப்பு வேகமாகும். விலங்கு இறந்துவிட்டது என்று தூரத்தில் இருப்பவர்கள் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். பார்வையாளர்கள் பொத்தானை அழுத்தினால், மெதுவான துடிப்பின் பதிவு ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும். அந்தப் பொறுப்பு மதுரைக்காரன் செந்திலுடையது.

மாலைகள் ஏறிய பிறகு, யாரும் அழுத்தாமலே ஒலிபெருக்கி துடிக்கத் தொடங்கியது. வேகமாக. செந்தில் பெட்டியைத் திறந்தான், கம்பிகளைக் கழற்றி மாட்டினான். ஏதாவது மாற்றி ஏற்றிவிட்டாயா என்று கேட்டேன்.

"அக்கா, ஸ்லோவா இருக்கிறத மட்டும்தான் ஏத்தினேன். வேகமானது என்கிட்ட இல்லவே இல்ல."

பார்வையாளர்

திறப்பு விழாவன்று காலையில் ஊன்றுகோலோடு ஒரு முதியவள் வந்தாள். நேரே ராண்டியின் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அதே தாடை, அதே அகன்ற நெற்றி. யோகன் அண்ணையின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

மாலைக்கு என்ன அர்த்தம் என்று ராண்டி நோர்வேஜிய மொழியில் கேட்டாள். "மரியாதை" என்றேன். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் துடிப்பு அவள் காதில் விழுந்தது. நடந்து போய் மலைச்சிங்கத்தின் பட்டியைத் தொட்டாள்.

"இவள் என்னுடையவள். பனிக்குள் இவளைக் கண்டெடுத்த காலையில் இதே வேகத்தில்தான் கேட்டது."

பொறுப்பாளரின் பதில்

அந்த ஒரு மாலையைக் கழற்றலாமா என்று பொறுப்பாளரிடம் கேட்டேன். மூவருக்கு வைத்துவிட்டு இவருக்கு மட்டும் எடுத்தால் அவமதிப்பு என்றார். உயிரோடு இருப்பவரின் படத்துக்கு எங்கள் ஊரில் மாலை போடுவதில்லை என்றேன். சிரித்தார். பதிலை யோகன் அண்ணையிடம் வந்து சொன்னேன்.

"அந்த மனுசிக்கு ஏதும் நடந்தால் அது என்ரை கையாலை, பிள்ளை."

உரை

ராண்டி மேடையேறினாள். வேட்டைக்காரர்களோடு வாதாடியதைச் சொன்னாள், கூட்டம் சிரித்தது. செந்தில் ஒலிபெருக்கியின் மின்கம்பியையே பிடுங்கியிருந்தான். ஆனாலும் மூலையிலிருந்து அந்தத் துடிப்பு வந்துகொண்டிருந்தது, இன்னும் வேகமாக. நடு வாக்கியத்தில் ராண்டி நிறுத்தினாள். ஒரு கை மேசையைப் பற்றியது, மறு கை நெஞ்சுக்குப் போனது. யாரோ தண்ணீர் எடுக்க எழுந்தார்கள். எல்லா முகங்களும் மேடைப் பக்கம்.

யோகன் அண்ணை சுவரோரமாக நடந்தார். ராண்டியின் படத்திலிருந்த மாலையைக் கழற்றி, மலைச்சிங்கத்தின் கழுத்தில், பட்டிக்கு மேலாகப் போட்டார்.

டிக். இடைவெளி. டிக்.

"மன்னிக்கவும், எங்கே விட்டேன்?" என்றாள் ராண்டி.

பொருட்களை அதனதன் இடத்தில் வைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம் என்பதால், நான் குனிந்து, மாலை நீங்கிய படத்துக்குக் கீழே உதிர்ந்துகிடந்த ஊசியிலைகளைப் பொறுக்கி என் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.